நலன் சரிபார்ப்பின்போது பெற்றோரின் போதைப்பொருள் பயன்பாடு சந்தேகிக்கப்பட்டால்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

அறிமுகம்

ஒரு வீட்டில் உள்ளவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்பதை அறியக் காவல் துறையினர் நேரில் சென்று பார்ப்பது நலன் சரிபார்ப்பு எனப்படும். குழந்தை பல நாள்களாகப் பள்ளிக்கு வராதபோதும், கைக்குழந்தையின் அழுகை ஓயாமல் கேட்கும்போதும், தட்டியும் கதவு திறக்கப்படாதபோதும் அண்டை வீட்டாரோ ஆசிரியரோ உறவினரோ 112 அல்லது 1098 என்ற எண்ணுக்குத் தகவல் அளிக்கின்றனர். அதன் பேரிலேயே பெரும்பாலும் இத்தகைய வருகை நிகழ்கிறது.

இவ்வாறு சென்ற இடத்தில் தாயோ தந்தையோ அரைமயக்கத்தில் இருப்பதும், மாத்திரை அட்டைகள், ஊசிகள், மதுப் புட்டிகள் போன்றவை குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் கிடப்பதும் உண்டு. அந்த வேளையில் எடுக்கப்படும் முடிவுகள் குழந்தையின் உயிரையும், பெற்றோரின் உயிரையும், அக்குடும்பம் மீண்டும் ஒன்றுசேரும் வாய்ப்பையும் தீர்மானிக்கக் கூடியவை. குழந்தைக்கு உடனடிப் பாதுகாப்பும் பெற்றோருக்கு உடனடி மருத்துவ உதவியும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளிப்போடக் கூடாது.

போதைப்பொருள் சார்பு என்பது மூளையின் செயல்பாட்டைப் பாதிக்கும், சிகிச்சை அளிக்கக்கூடிய நோய். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது. இருப்பினும் சிகிச்சை பெறுவோர் மிகக் குறைவு. மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சார்பு சிகிச்சை மையம் நடத்தி, 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுச் சார்பு உடையவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சையைப் பெற்றுள்ளார். ஆகவே பல குடும்பங்களில் இந்நோய் முதன்முதலாக வெளியே தெரியவருவதே காவலர் கதவைத் தட்டும்போதுதான்.

சந்தேகம் நோயறிதல் ஆகாது

தள்ளாட்டம், குழறிய பேச்சு, சிவந்த கண்கள், காரணமற்ற கோபம், எழுப்ப முடியாத உறக்கம் ஆகியவை போதையால் ஏற்படலாம். இதே அறிகுறிகள் பின்வரும் நோய்களிலும் காணப்படும்:

- இரத்தச் சர்க்கரை அளவு மிகவும் குறைதல். இன்சுலின் செலுத்திக்கொள்வோரிடமும் சர்க்கரை நோய் மாத்திரை உட்கொள்வோரிடமும் இது பொதுவாகக் காணப்படும்.
- சர்க்கரை மிகவும் கூடி, இரத்தத்தில் அமிலத்தன்மை மிகுதல். மூச்சில் வீசும் பழவாடையை மதுவின் வாடை எனத் தவறாகக் கருத நேரிடும்.
- வலிப்பு வந்து அடங்கிய பின் ஏற்படும் குழப்பம்.
- தலைக்காயம், பக்கவாதம், மூளைக்காய்ச்சல்.
- பிரசவத்திற்குப் பிந்தைய மனநோய், தீவிர மனச்சோர்வு, மனஎழுச்சி நோய்.
- மருத்துவர் பரிந்துரைத்த தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, வலி நிவாரணி ஆகியவற்றின் பக்க விளைவு.

வீட்டில் ஊசிகள் இருப்பது மட்டுமே போதைப்பொருள் பயன்பாட்டுக்குச் சான்றாகாது. அவை இன்சுலின் ஊசிகளாக இருக்கலாம். அதேபோல், மது அருந்தியிருப்பது உறுதியானாலும் தலைக்காயம் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. போதையில் விழுந்தவருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டிருக்கலாம். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடப்பட்டவர்கள் உயிரிழக்க இதுவும் ஒரு காரணம்.

ஆகவே சுயநினைவு குன்றிய எவரையும் முதலில் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்ப்பது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் பரிசோதனை.

உடனடி உயிராபத்தைக் காட்டும் அறிகுறிகள்

பெரியவர்களிடம் பின்வருவனவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்:

- உரக்க அழைத்தும் தோளைத் தட்டியும் விழிக்காமை.
- மூச்சு மிக மெதுவாக அல்லது விட்டுவிட்டு வருதல், குறட்டை போன்ற அடைத்த ஒலி.
- உதடும் நகமும் நீலம் பூத்தல்.
- கண்ணின் பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருத்தல்.
- வலிப்பு, கடும் காய்ச்சல், கட்டுக்கடங்காத பதற்றம், நெஞ்சுவலி.
- பார்வை மங்கல், கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி.

மெதுவான மூச்சு, ஊசிமுனைப் பாவை, மயக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் ஹெராயின், மார்ஃபின், டேப்பென்டடால் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகள் அளவு மீறி உட்சென்றிருக்கலாம். நலாக்சோன் என்னும் மாற்று மருந்து இந்நிலையிலிருந்து நோயாளியை மீட்கும். ஆனால் அதன் செயல்திறன் குறுகிய நேரமே நீடிக்கும். எனவே விழித்தெழுந்தவரை உடனே வீட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ அழைத்துச் செல்லாமல், மருத்துவமனையில் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

பார்வை மங்கலும் வயிற்றுவலியும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இத்தகைய சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்நிலையில் ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடும்.

அவசர ஊர்தி வரும்வரை, மூச்சு இருந்தால் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். வாயில் உணவோ நீரோ மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்ற வேண்டாம். தலையில் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டாம். மூச்சு நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தி மூச்சளிக்கும் முதலுதவியைத் தொடங்கவும். அருகில் கிடந்த மாத்திரை அட்டை, புட்டி, பொட்டலம் பற்றிய விவரத்தை மருத்துவரிடம் கூறவும்.

குழந்தையிடம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பெற்றோருக்கு முதலுதவி செய்யும் பரபரப்பில், ஓரமாக உறங்கிக்கொண்டிருக்கும் குழந்தையைக் கவனிக்கத் தவறுவது நேரக்கூடியதே. வீட்டில் போதைப்பொருள் இருப்பதாகத் தெரிந்தால், உறங்கும் குழந்தையை எழுப்பிப் பார்க்க வேண்டும். தரையில் கிடந்த ஒரு மாத்திரையே தவழும் குழந்தையின் மூச்சை நிறுத்தப் போதுமானது.

- வழக்கத்துக்கு மாறான உறக்கம், தளர்ச்சி, நடையில் தள்ளாட்டம்: கஞ்சா கலந்த தின்பண்டம், தூக்க மாத்திரை, ஓபியாய்டு மாத்திரை ஆகியவற்றுள் ஒன்றை உட்கொண்டிருக்கலாம்.
- வியர்வை, நடுக்கம், வலிப்பு: மது உட்சென்றதால் இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கலாம்.
- மிகுந்த பரபரப்பு, வேகமான இதயத்துடிப்பு, உடற்சூடு: மெத்தம்பெட்டமைன் போன்ற ஊக்கிகள் காரணமாக இருக்கலாம்.
- இருமல், மூச்சிரைப்பு, வாயில் எண்ணெய் வாடை: தின்னர், மண்ணெண்ணெய் போன்றவற்றை விழுங்கியிருக்கலாம்.

குழந்தை எதையேனும் விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புக் கரைசல் கொடுக்கக் கூடாது. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். சில மருந்துகளின் நச்சு விளைவு பல மணி நேரம் கழித்தே தெரியவரும்.

பயன்படுத்திய ஊசி குழந்தையைக் குத்தியிருந்தால் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். அழுத்தியோ பிதுக்கியோ இரத்தத்தை வெளியேற்ற முயல வேண்டாம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை இயன்றவரை சில மணி நேரத்துக்குள், அதிகபட்சமாக 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் தொடர வேண்டும். மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசியின் நிலையையும் மருத்துவர் சரிபார்ப்பார்.

சளிக்கு என்றும் உறக்கத்துக்கு என்றும் கைக்குழந்தைகளுக்குச் சில துளி பிராந்தி புகட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. இது குழந்தையின் சர்க்கரை அளவைக் குறைத்து உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும். மருத்துவரின் அறிவுரையின்றிக் குழந்தைக்குப் போதை தரும் பொருளைக் கொடுப்பது, சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

குழந்தைக்கான மருத்துவப் பரிசோதனை

அவசர நிலை இல்லை எனினும், அக்குழந்தைக்கு முழுமையான பரிசோதனை தேவை. எடை, உயரம், இரத்தச்சோகை, நீர்ச்சத்து, பற்கள், தோல், தடுப்பூசி அட்டை, வயதுக்கேற்ற வளர்ச்சி ஆகியவை பார்க்கப்படும். காயங்கள் இருப்பின் அவற்றின் இடமும் அளவும் பதிவு செய்யப்படும். பாலியல் துன்புறுத்தல் நிகழ்ந்ததாக அறியவந்தால் போக்சோ சட்டத்தின்படி அதைத் தெரிவிப்பது மருத்துவர் உள்ளிட்ட அனைவரின் சட்டக் கடமை.

பெற்றோரின் போதைப்பொருள் பயன்பாடு எப்போதும் அடி உதையாக வெளிப்படுவதில்லை. பெரும்பாலும் அது கவனிப்பின்மையாகவே வெளிப்படும். வேளை தவறிய உணவு, விடுபட்ட தடுப்பூசி, மருந்து கிடைக்காத ஆஸ்துமா, தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்குச் செல்லாத ஒன்பது வயது அக்காள் என்று அதன் வடிவங்கள் பல. மூத்த குழந்தை பொறுப்பாகச் சமைத்து, தம்பி தங்கையைக் குளிப்பாட்டி, வீட்டின் நிலையை வெளியே சொல்லாமல் காத்துவந்திருக்கலாம். அக்குழந்தையைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், அதற்கும் பராமரிப்பு தேவை என்பதை உணர வேண்டும்.

ஆய்வக முடிவுகள் எவ்வளவு சொல்லும்?

சிறுநீர்ப் பரிசோதனை ஒரு பொருள் அண்மையில் உடலுக்குள் சென்றதா என்பதை மட்டுமே காட்டும். அப்பரிசோதனையால் அந்நபருக்குச் சார்பு நோய் உள்ளதா, குழந்தையை அவரால் பராமரிக்க இயலுமா என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காது.

ஹெராயின் போன்றவை பொதுவாக இரண்டு மூன்று நாள்கள் வரை சிறுநீரில் தெரியும். எப்போதாவது பயன்படுத்திய கஞ்சா சில நாள்களும், நாள்தோறும் பயன்படுத்தியது 30 நாள்கள் வரையும் தெரியலாம். கோடீன் கலந்த இருமல் மருந்தும், கசகசா மிகுதியாகச் சேர்ந்த உணவும் ஓபியம் பரிசோதனையில் நேர்மறை முடிவைத் தரக்கூடும். மாறாக, டேப்பென்டடால், பிரிகாபலின் ஆகியவை வழக்கமான துரிதப் பரிசோதனைகளில் தெரியாமல் போகலாம். எனவே துரிதப் பரிசோதனையில் நேர்மறை முடிவு வந்தால் அதை மேம்பட்ட ஆய்வக முறையில் உறுதி செய்ய வேண்டும். எதிர்மறை முடிவு வந்தாலும் அறிகுறிகளைப் புறக்கணிக்கக் கூடாது.

காவலில் உள்ள பெற்றோருக்கு ஏற்படக்கூடிய ஆபத்து

நாள்தோறும் போதைப்பொருளை உட்கொண்டவர் திடீரென நிறுத்தும்போது உடலில் தோன்றும் மாற்றங்கள் விலகல் அறிகுறிகள் எனப்படும். விசாரணைக்காக அழைத்துச் செல்லப்பட்டவருக்கு இவை முதல் இரவிலேயே தொடங்கலாம்.

மது: கடைசியாக அருந்திய 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, உறக்கமின்மை தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் சிலருக்கு மனக்குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிதலும், காய்ச்சலும் ஏற்படும். சிகிச்சை அளிக்காவிட்டால் இது உயிரைப் பறிக்கும்.

தூக்க மாத்திரைகள்: திடீர் நிறுத்தம் வலிப்பை ஏற்படுத்தும். அளவைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

ஓபியாய்டுகள்: உடல்வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தாங்க முடியாத அமைதியின்மை ஏற்படும். இதனால் நேரடியாக உயிரிழப்பது அரிது. ஆயினும் நீர்ச்சத்து இழப்பு ஆபத்தாகலாம். இதைவிடப் பெரிய ஆபத்து விடுதலைக்குப் பின் உள்ளது. சில நாள்கள் நிறுத்தியிருந்தாலே உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்துக்கொள்பவர் மூச்சடைத்து இறக்க நேரிடும். இதை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் வெளிப்படையாக எடுத்துரைக்க வேண்டும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவின்படி, கைது செய்யப்பட்டவரை மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும். அந்நேரத்தில் நோயாளியோ உடன் இருப்பவரோ அவர் வழக்கமாக எதை, எவ்வளவு, கடைசியாக எப்போது எடுத்துக்கொண்டார் என்பதைத் தயங்காமல் கூற வேண்டும். சர்க்கரை நோய், வலிப்பு நோய், காசநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான மருந்துகள் இடையில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

குழந்தை பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுமா?

பெற்றோர் சிகிச்சைக்கு வரத் தயங்குவதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். சட்டம் என்ன கூறுகிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நன்று.

2015-ஆம் ஆண்டு சிறார் நீதி (பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின்படி, பெற்றோர் குழந்தையைப் பாதுகாக்க இயலாத நிலையில் இருப்பதாகக் கண்டறியப்பட்டால் அக்குழந்தை பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகக் கருதப்படும். இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாவட்டந்தோறும் அமைந்துள்ள குழந்தைகள் நலக் குழுவுக்கு உரியது. குழு ஒரு தலைவரையும் நான்கு உறுப்பினர்களையும் கொண்டது. பெற்றோர் தகுதியற்றவர் என்று வீட்டு வாசலில் வைத்துக் காவலரோ மருத்துவரோ முடிவு செய்ய முடியாது.

நடைமுறை பின்வருமாறு அமையும்:

- ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருப்பார். குழந்தையிடம் பேசுபவர் இயன்றவரை சீருடையின்றி இருக்க வேண்டும் என்றும், பெண் குழந்தையெனில் பெண் காவலர் உடனிருக்க வேண்டும் என்றும் விதிகள் கூறுகின்றன.
- பாதுகாப்புக்காக அழைத்துச் செல்லப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழு கூடாத வேளையில் தனி உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம்.
- சமூக விசாரணை 15 நாள்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். முதன்முதலில் குழந்தை முன்னிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும்.
- குழந்தையைப் பெற்றோரிடமே கண்காணிப்புடன் ஒப்படைத்தல், தகுதி வாய்ந்த உறவினரிடம் ஒப்படைத்தல், தற்காலிகமாக இல்லத்தில் சேர்த்தல் ஆகிய வழிகள் குழுவின் முன் உள்ளன. நிறுவனப் பராமரிப்பு இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு.
- குழந்தையின் பெயர், படம், பள்ளி போன்ற அடையாளங்களை ஊடகத்தில் வெளியிடுவது 74-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டுள்ளது.

பெற்றோர் சிகிச்சையில் சேர்ந்து தொடர்ந்து வருவதைக் காட்டும் மருத்துவப் பதிவுகளைக் குழுவின் முன் அளிக்கலாம். பாட்டி, சித்தப்பா, அத்தை போன்ற நம்பத்தகுந்த உறவினர் யாரேனும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முன்வந்தால் அதையும் தொடக்கத்திலேயே தெரிவிப்பது நல்லது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு வாத்சல்யா இயக்கத்தின் கீழ் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை கிடைக்கவும் வழி உண்டு. இதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகவும்.

தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாக அவரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது. குழந்தைக்கு ஆபத்து இருப்பதாக மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அம்முடிவு 15 நாள்களுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்பட வேண்டும்.

சிகிச்சை பெற முன்வந்தால் வழக்கு என்னவாகும்?

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் போதைப்பொருளை உட்கொள்வதையும் குற்றமாகவே கருதுகிறது. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட சார்பு நோயாளி, அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்க வகை செய்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். குற்றம் உறுதியான பின்னரும் 39-ஆம் பிரிவின்படி நோயாளியின் ஒப்புதலுடன் நீதிமன்றம் அவரைச் சிகிச்சைக்கு அனுப்ப இயலும்.

விற்பனையில் ஈடுபட்டவருக்கும் வணிக அளவில் வைத்திருந்தவருக்கும் இச்சலுகை பொருந்தாது. வழக்கு பதியப்பட்டிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி கோரலாம்.

சிகிச்சையில் என்ன செய்யப்படும்?

முதற்கட்டத்தில், மருத்துவக் கண்காணிப்பில் விலகல் அறிகுறிகள் கட்டுப்படுத்தப்படும். இது பொதுவாக ஒன்றிரண்டு வாரங்கள் நீடிக்கும். இத்துடன் நோய் குணமாகிவிட்டதாகக் கருதுவது பெரும் தவறு. அடுத்து வரும் மாதங்களில் தரப்படும் மருந்தும் மனநல ஆலோசனையும் குடும்ப ஆலோசனையுமே மீண்டும் போதைக்குத் திரும்பாமல் காக்கும். ஓபியாய்டு சார்புக்கு பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் ஆகிய மாற்று மருந்துகள் பல மாதங்கள் அல்லது ஆண்டுகள் வரை தரப்படலாம். "ஒரு போதையை விட்டு மற்றொரு போதை" என இதை எண்ண வேண்டாம். இம்மருந்தினால் நிலைபெற்ற பெற்றோர் வேலைக்குச் செல்லவும் குழந்தையை வளர்க்கவும் முடியும்.

இடையில் மீண்டும் ஒருமுறை பயன்படுத்திவிட்டால் சிகிச்சை தோற்றதாகப் பொருளில்லை. நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் போலவே இந்நோயும் மீண்டும் தலைதூக்கும் இயல்புடையது. அதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுவதே குழந்தையின் பாதுகாப்புக்கு உகந்தது.

பின்வருவனவற்றைத் தவிர்க்கவும்:

- நோயாளிக்குத் தெரியாமல் உணவில் "குடியை நிறுத்தும் மருந்து" கலந்து கொடுத்தல். இவற்றில் டைசல்ஃபிரம் இருந்தால், அதன்மேல் மது அருந்தும்போது இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.
- பதிவு பெறாத மறுவாழ்வு இல்லங்களில் சேர்த்தல். அடிப்பதும் சங்கிலியால் கட்டுவதும் சிகிச்சை ஆகாது. சங்கிலியால் பிணைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்துள்ளது. சேர்க்கும் முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கவும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்

ஓபியாய்டு சார்பு உடைய கர்ப்பிணி திடீரென நிறுத்தினால் கருச்சிதைவோ குறைப்பிரசவமோ ஏற்படக்கூடும். மருத்துவ மேற்பார்வையில் மாற்று மருந்தைத் தொடர்வதே பாதுகாப்பானது. பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள்களில் இடைவிடாத கீச்சென்ற அழுகை, நடுக்கம், பால் குடிக்க இயலாமை ஆகியவை தோன்றலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தாய் உண்மையைக் கூறினால்தான் குழந்தையை உரிய முறையில் கண்காணிக்க முடியும்.

மாற்று மருந்தில் நிலைபெற்று, வேறு போதைப்பொருள் எதையும் பயன்படுத்தாத தாய், வேறு தடை ஏதும் இல்லையெனில், பொதுவாகத் தாய்ப்பால் ஊட்டலாம். ஹெராயின், மெத்தம்பெட்டமைன், கொக்கைன் ஆகியவற்றைப் பயன்படுத்தி வரும் நாள்களில் ஊட்டக் கூடாது. மது அருந்தியோ மயக்க மருந்து உட்கொண்டோ இருப்பவர் குழந்தையைத் தம் அருகில் படுக்க வைத்து உறங்கக் கூடாது. உறக்கத்தில் குழந்தை மூச்சுத் திணறி இறக்க நேரிடும்.

குழந்தையிடம் என்ன கூறுவது?

காவலர் வந்து சென்ற இரவு குழந்தையின் மனத்தில் ஆழமாகப் பதியும். "நான் பள்ளியில் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று" என்ற குற்றவுணர்வு பல குழந்தைகளிடம் தோன்றும். பின்வருவனவற்றை எளிய சொற்களில் கூறவும்:

- "அம்மாவுக்கு (அல்லது அப்பாவுக்கு) உடல்நலமில்லை. மருத்துவர் பார்த்துக்கொள்கிறார்."
- "இது உன்னால் வந்தது இல்லை. உன்னால் சரிசெய்யக் கூடியதும் இல்லை."
- "இன்று இரவு நீ யாருடன் இருப்பாய் என்பதைச் சொல்கிறேன்."

பொய் வாக்குறுதி தர வேண்டாம். "நாளைக்கே வந்துவிடுவார்" என்று உறுதியாகத் தெரியாமல் கூறக் கூடாது. நிகழ்ந்ததைப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டு விசாரிக்கக் கூடாது. பெற்றோரைக் குழந்தையின் எதிரில் இழித்துப் பேசக் கூடாது. இயன்றவரை அதே பள்ளி, அதே உணவு வேளை, பழகிய போர்வை அல்லது பொம்மை ஆகியவை தொடர வேண்டும். உடன்பிறந்தாரைப் பிரிக்காமல் ஒன்றாக வைத்திருப்பது நன்று. உறக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், பேச்சுக் குறைதல் ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை அணுகவும்.

குழந்தை வீடு திரும்பும் முன்

- மருந்துகள் அனைத்தும், மாற்று மருந்து உட்பட, பூட்டிய பெட்டியில் உயரமான இடத்தில் இருக்க வேண்டும்.
- பயன்படுத்திய ஊசிகள் குத்திக் கிழிக்க இயலாத உறுதியான கலத்தில் இடப்பட்டு மருத்துவமனையில் ஒப்படைக்கப்பட வேண்டும்.
- தின்னர், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கக் கூடாது.
- பெற்றோரின் நிலை மீண்டும் மோசமடைந்தால் குழந்தை உடனே செல்லக்கூடிய ஒரு வீடும், அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.
- அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் சுகாதாரச் செவிலியர், வகுப்பாசிரியர் ஆகியோருள் ஒருவரேனும் தொடர்ந்து குழந்தையைப் பார்த்துவர வேண்டும்.

எப்போது, யாரை அழைப்பது?

மூச்சு, சுயநினைவு, வலிப்பு தொடர்பான அவசரம்: 108

உடனடி ஆபத்து, வன்முறை: 112

குழந்தையின் பாதுகாப்பு பற்றிய ஐயம்: 1098. 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். குழந்தையே அழைக்கலாம்.

போதை மீட்பு ஆலோசனை: 14446

மனநல ஆலோசனை, டெலி மானஸ்: 14416

பொதுவான மருத்துவ ஆலோசனை, தமிழ்நாடு: 104

பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை கவனிப்பின்றி இருப்பதாகத் தோன்றினால், போதைப்பொருள்தான் காரணம் என்று நிறுவ வேண்டிய பொறுப்பு உங்களுடையது இல்லை. கண்டதையும் கேட்டதையும் மட்டும் தெரிவித்தால் போதும். அதேபோல், உங்கள் பழக்கம் குழந்தையைப் பாதிப்பதாக நீங்களே உணர்ந்தால், காவலர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டுப் பெற்று மருத்துவரைச் சந்தியுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையெனில் அதையும் அவரிடமே கூறுங்கள்.